விளக்கெண்ணெய் வெள்ளையான நாள்

2006ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை, என் சட்டைப் பொத்தானை என்னால் போட்டுக்கொள்ள முடியவில்லை. அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. கடலூர் முதுநகரில், எங்கள் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று ஒரு பொத்தானோடு மல்லுக்கட்டித் தோற்றேன். மனைவி மேரி வந்து எல்லாப் பொத்தானையும் போட்டுவிட்டாள். பஸ் காசைச் சட்டைப் பையில் வைத்தாள். சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிவிட்டாள். "காலேஜுக்குப் பத்தரமா போயிட்டு வாங்க" என்றாள். சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இந்த அனுபவத்தை எழுதித் தரும்படி நம் ஜெபக்குழுவில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் தள்ளிப்போட்டதற்குக் காரணம் உண்டு. என் கதையில் நோய் குணமாகவில்லை. டாக்டர்கள் வியந்து நிற்கவில்லை. கனவில் யாரும் வரவில்லை. விளக்கெண்ணெய் வெள்ளையானது, அவ்வளவுதான். இதைப் போய் மைக் முன்னால் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டேன். இப்போது 2012. இனியும் சொல்லாமல் இருப்பது நன்றிகெட்டதனம்.

நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலைக்குப் போகிற வழியில் என் மாமனார் வைத்த மருந்துக்கடை இருக்கிறது. மருந்துக்கடை என்றால் பார்மசி படித்துப் பதிவு செய்த ஒருவர் அதில் இருக்க வேண்டும். அவருடைய சான்றிதழ் சுவரில் தொங்க வேண்டும். மாமனார் இறந்த பிறகு சுவரில் தொங்கியது மேரியின் தம்பி அந்தோணியின் சான்றிதழ். சென்னையில் கிடைத்த நல்ல வேலையை விட்டுவிட்டு வந்து, எங்களுக்காக அந்தக் கடையில் நின்றவன் அவன். நான் பி.ஏ. வரலாறு. கல்லாவில் உட்கார்ந்து புத்தகம் படிப்பேன். யாராவது மாத்திரை கேட்டால், "மச்சான்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பேன். அதுதான் என் மருத்துவ சேவை.

அந்தோணிக்கு வெளிநாட்டு ஆசை இருந்தது. அவன் போனால் கடைக்குச் சான்றிதழ் இல்லை. சம்பளத்துக்கு ஆள் வைக்கிற அளவுக்கு அது பெரிய கடையும் இல்லை. ஆகவே 2004இல் நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் டி.பார்ம். சேர்ந்தேன். ப்ளஸ் டூவில் அறிவியல் எடுத்திருந்தேன், அது ஒன்றுதான் தகுதி. முதல் நாள் நான் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து "குட் மார்னிங் சார்" என்றார்கள். நானும் பழக்கதோஷத்தில் "உக்காருங்க" என்றேன். பிறகு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து என் பெயர் அங்கிள்.

பாடம் எனக்கு வந்தது. படிப்பது என் கெட்ட பழக்கம்தானே. வராதது கைவேலை. குறிப்பாக ஒன்று: எமல்ஷன். எண்ணெயையும் தண்ணீரையும் பிசின் தூளை வைத்துச் சேர்த்து, பால் மாதிரி ஒரு மருந்தாக்குவது. காய்ந்த பீங்கான் கல்வத்தில் எண்ணெயை விட வேண்டும். பிசின் தூளைக் கலக்க வேண்டும். தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றி, குழவியை வேகமாக, ஒரே திசையில், நிறுத்தாமல் சுற்ற வேண்டும். சரியாக வந்தால் கல்வத்துக்குள் 'டக் டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். மஞ்சள் எண்ணெய் கண்ணெதிரே வெள்ளையாகிவிடும். வேகம் குறைந்தாலோ திசை மாறினாலோ எல்லாம் பிரிந்து, எண்ணெய் தனியாக மேலே மிதக்கும். அதை 'உடைஞ்சிபோச்சு' என்பார்கள்.

என் கல்வத்தில் அந்தச் சத்தம் ஒரு நாளும் கேட்டதில்லை. வகுப்பில் எல்லாக் கல்வமும் டக் டக் என்னும், என்னுடையது மட்டும் ஊமை. எங்கள் லேப் மேடத்துக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. திட்டவும் முடியாமல் விடவும் முடியாமல், "சார், கொஞ்சம் வேகமா சார்" என்று கெஞ்சுவார். வீட்டில் சொன்னால் அந்தோணி விழுந்து விழுந்து சிரித்தான்.

"மாமா, நீங்க அரைச்சா சட்னி கூட ஒடைஞ்சிபோவும்."

2006 நடுவில் இரண்டாம் ஆண்டுத் தேர்வில் எல்லாவற்றிலும் தேறினேன். எமல்ஷன் வந்த செய்முறைத் தேர்வில் மட்டும் போயிற்று. அடுத்த வாய்ப்பு பிப்ரவரியில். பரவாயில்லை, சனிக்கிழமைகளில் லேபில் பழகிக்கொள்ள மேடம் அனுமதி கொடுத்திருக்கிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். செப்டம்பரில் அந்தோணிக்குக் குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை உறுதியானது. அடுத்த ஆகஸ்டுக்குள் வந்து சேர வேண்டும் என்றார்கள். பிப்ரவரியில் நான் தேறி, மூன்று மாதம் ஆஸ்பத்திரிப் பயிற்சி முடித்து, பதிவு செய்தால் சரியாக இருக்கும். தேறாவிட்டால் அவன் போக முடியாது.

அந்த மாதமே எனக்குச் சிக்குன்குனியா வந்தது.

அந்த வருஷம் ஊரே நொண்டியது. அதனால் எனக்கென்று தனி அனுதாபமும் கிடைக்கவில்லை. காய்ச்சல் சீக்கிரமே விட்டது. மூட்டு விடவில்லை. வலது மணிக்கட்டு வீங்கி, பூட்டுப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. இடது கையிலும் வலி இருந்தது, ஆனால் அது அசையும். வலது கை எதையும் பிடிக்காது. மருந்துக்கடைக்காரனால் மருந்து பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை. டாக்டர், "போகப்போகச் சரியாயிடும்" என்றார். எப்போது என்று கேட்டேன். அவர் தன்னுடைய மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். அவருக்கும் வந்திருந்தது.

மேரிதான் சோறு ஊட்டினாள். ஒரு நாள் அவளே சொன்னாள்: "எடது கையாலதான் சாப்புடுங்களேன். யாரு பாக்கப்போறா?"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் பிறவியில் இடது கைக்காரன். என் அம்மாவுக்கு அது பெரிய அவமானம். சின்ன வயதில் நான் எதை எடுத்தாலும், "பீச்சாங்கைய மடக்குடா" என்று ஒரு அடி விழும். பள்ளிக்கூடத்தில் சிலேட்டுக்குச்சியை இடது கையில் பிடித்தால் முட்டியில் ஸ்கேல் விழும். ஆறேழு வயதுக்குள் நான் முழு வலது கைக்காரனாகிவிட்டேன். அந்த அடிகளை மறந்துகூடப் போனேன். ஆனால் உடம்பு மறக்கவில்லை. மேரி அப்படிச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது.

"ஆண்டவர் பாப்பாரு" என்றேன்.

"பாத்தா பாக்கட்டும். அவருதான குடுத்தாரு" என்று சொல்லி அடுத்த வாயை ஊட்டினாள்.

அக்டோபர் முழுக்க ஜெபித்தேன். செவ்வாய்க்கிழமை நவநாளுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேன். ஒரு குணமளிக்கும் கூட்டத்தில் மணிக்கட்டில் எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். எண்ணெய் விஷயத்தில் எனக்கு ராசி இல்லை என்று அப்போதே தோன்றியது. நம் குழுவிலேயே ஒரு சகோதரர், நல்ல மனதோடுதான், "பிரதர், விசுவாசம் பத்தல" என்றார். அன்று பஸ்ஸில் வரும்போது அழுதேன். பஸ் கம்பியைப் பிடிக்கக்கூட முடியாத கை. கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர் ஜன்னலைச் சாத்தினார், தூசு என்று நினைத்து.

எனக்குப் பெரிய வேதனை வேறு. ஞாயிறு பூசையில் திவ்ய நற்கருணை வாங்க இரண்டு கையையும் நீட்டுவோம் அல்லவா, இடது உள்ளங்கை மேலே, வலது கை அடியில். ஆண்டவரின் உடலாக ஃபாதர் வைத்த அப்பத்தை வலது கையால் எடுத்து வாயில் போட வேண்டும். என் விரல்கள் கூடவில்லை. ஆகவே நாக்கை நீட்டி வாங்கினேன். ஆண்டவரையும் எனக்கு ஊட்டித்தான் விட வேண்டியிருந்தது.

லேபில் சனிக்கிழமைகள் கேவலமாகப் போயின. குழவி வழுக்கி விழும். நாலு சுற்றுக்கு மேல் கை போகாது. எண்ணெய் மிதக்கும். திட்டக்குடிப் பெண் ஒருத்தி, அவளும் அதே பாடத்தில் தோற்றவள், "அங்கிள், பரிச்சையில நான் ஒங்களுக்கும் சேத்து அரைச்சிட முடியாதா?" என்று கேட்டாள். முடிந்தால் அவள் ஏன் தோற்றாள் என்று நான் கேட்கவில்லை.

ஜனவரியில் ஒரு நாள் கடையில் கூட்டம் இல்லாத நேரம். கரும்பு டிராக்டர்கள் வரிசையாக நின்று தெருவை அடைத்திருந்தன. அந்தோணி என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அன்று கிண்டல் இல்லை.

"மாமா, நான் வரலன்னு எழுதிடறேன்" என்றான்.

நான் கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

"எத்தினி நாளு ஒங்களப் போட்டு வதைக்கறது. குவைத்து எங்கயும் ஓடிடாது."

அது ஓடிவிடும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவனுக்கு முப்பத்திரண்டு வயது. எங்களுக்காக ஏற்கெனவே ஒரு வேலையை விட்டவன். இரண்டாவதையும் என் மணிக்கட்டுக்காக விடப்போகிறான். "பிப்ரவரி வரைக்கும் பொறு மச்சான்" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை. தைரியமே இல்லை, வெட்கம்தான்.

2007 பிப்ரவரி. தேர்வு நாள். ஒரு தட்டில் மடித்த சீட்டுகள் இருந்தன. எதை எடுக்கிறோமோ அதைச் செய்ய வேண்டும். களிம்பு இருக்கிறது, சிரப் இருக்கிறது, பொடி இருக்கிறது. ஆண்டவரே, எமல்ஷன் மட்டும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே எடுத்தேன். விளக்கெண்ணெய் எமல்ஷன்.

தொடங்கினேன். வலது கைதான். கல்வத்தை இடது கையால் அணைத்துக்கொண்டு சுற்றினேன். மணிக்கட்டில் கத்தி இறங்கிய மாதிரி வலி. கை நின்றது. மறுபடி சுற்றும்போது திசை மாறிப்போயிற்று. எண்ணெய் மேலே வந்து என்னைப் பார்த்தது. வெளியிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர், வயதானவர், எட்டிப் பார்த்துவிட்டு, "நேரம் இருக்கு. மார்க்கு கொறையும். வேணும்னா திரும்பப் போடுங்க" என்று சொல்லிப் போய்விட்டார்.

கல்வத்தைக் கழுவித் துடைத்தேன். எண்ணெயும் பிசினும் மறுபடி எடுத்து வைத்தேன். அதற்கு மேல் செய்ய எனக்கு ஒன்றுமில்லை. ஜெபம் கூட வரவில்லை. இத்தனை மாதமாகச் சொன்ன ஜெபங்களெல்லாம் எங்கோ போய்விட்டன. "எனக்குத் தெரியல ஆண்டவரே" என்று மட்டும் சொன்னேன். அப்படிச் சொல்லும்போது, கோயில் பழக்கத்தில், கைகள் தானாக நீண்டிருந்தன. குனிந்து பார்த்தேன். இடது உள்ளங்கை மேலே இருந்தது. வலது கை அடியில்.

அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். காய்ச்சல் வரும்வரை ஒவ்வொரு ஞாயிறும் ஆண்டவரை முதலில் வாங்கியது இந்தக் கைதான். அதில் இறங்க அவர் ஒரு நாளும் கூச்சப்பட்டதில்லை. அதில் ஒரு குழவியைப் பிடிக்கத்தான் எனக்குக் கூச்சம்.

குழவியை இடது கையில் எடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எடுத்ததும் ஒரு முறை பின்னால் திரும்பிப் பார்த்தேன். அம்மா இறந்து பல வருஷமாகியிருந்தது. ஸ்கேலும் யாரிடமும் இல்லை. தண்ணீரை ஊற்றிச் சுற்ற ஆரம்பித்தேன். கை எதிர்த்திசையில் சுற்றியது. பிறகுதான் உறைத்தது: ஒரே திசை என்றுதானே சொன்னார்கள், எந்தத் திசை என்று யாரும் சொல்லவில்லையே. வலி இருந்தது. ஆனால் கை நிற்கவில்லை. நான் ஓட்டவில்லை, அது தானாக ஓடியது. இத்தனை வருஷம் மடக்கி வைத்த கைக்கு, சுற்றத் தெரிந்திருந்தது.

முதலில் சத்தம்தான் வந்தது. டக். டக் டக். பக்கத்துக் கல்வத்திலிருந்து என்று நினைத்தேன். குனிந்து பார்த்தபோது என் கல்வம் வெள்ளையாக இருந்தது.

எக்ஸாமினர் வந்து நின்றார். கல்வத்தைச் சாய்த்துப் பார்த்தார். உடையவில்லை. என் கையைப் பார்த்தார்.

"மொதல்லயே இந்தக் கையில செய்யறதுதான சார்?"

"அதான் சார் எனக்கும் தெரியல" என்றேன். அதற்குள் கண் நிறைந்துவிட்டது. இந்த முறை துடைத்துக்கொண்டேன், இடது கையால்.

எல்லைக்கோட்டில் தேறினேன். ஆஸ்பத்திரிப் பயிற்சி முடித்துப் பதிவும் செய்தேன். ஆகஸ்டில் அந்தோணி விமானம் ஏறினான். ஏறுவதற்கு முன்பு சுவரில் இருந்த தன் சான்றிதழைக் கழற்றி, என்னுடையதை அவனே மாட்டினான். கோணலாகத்தான் மாட்டினான். நான் திருத்தவில்லை.

அந்த மணிக்கட்டு இன்றும் முழுசாகக் குணமாகவில்லை. மழை வருவதற்கு முன்பே அதற்குத் தெரிந்துவிடும். நான் கேட்டது வலது கைக்குச் சுகம். அது கிடைக்கவில்லை. ஆண்டவர் கொடுத்தது வேறு. நான் பிறப்பதற்கு முன்பே கொடுத்துவிட்டு, எப்போது எடுப்பான் என்று நாற்பத்து மூன்று வருஷம் பார்த்திருக்கிறார். இன்று கல்லாவில் புத்தகம் இல்லை. வருகிறவர்களுக்கு மருந்தை நானே எடுத்துக் கொடுத்து, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்கிறேன். இடது கையால் கொடுத்தால் சிலர் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு வலது கையால் கொடுப்பேன். சண்டை எதற்கு.

உங்களில் யாராவது கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோய், பதிலே இல்லை என்று இருந்தால், கேட்பதை விட்டுவிடாதீர்கள். விசுவாசம் பத்தவில்லை என்று யாராவது சொன்னால், ஆமாம் என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து கேளுங்கள். எனக்கும் பத்தவில்லை. அவர் அதை அளந்து பார்த்துக் கொடுக்கவில்லை.

தேர்வு முடிந்த அன்று மாலை கடலூர் பஸ்ஸில் வந்து இறங்கி, வீட்டுக்குப் போய், கோயில் பழக்கம், உள்ளங்கை, எதிர்த்திசை என்று ஒன்று விடாமல் மேரியிடம் சொன்னேன். என் வாழ்வில் ஆண்டவர் நேரடியாகப் பேசிய நாள் இது என்றேன். அவள் முழுசும் கேட்டாள். பிறகு சோற்றுத் தட்டை என் இடது பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"இதத்தான நான் அப்பவே சொன்னேன். அவரு வந்து சொன்னாத்தான் கேப்பீங்களா?"

அந்த நல்லவருக்கு நன்றி. அவர் முதலில் அனுப்பிய ஆளுக்கும்.