இருபத்துநான்கு யூனிட்

இன்ஷிரா இரண்டு தடவை விரலைக் குத்துவாள். முதல் குத்து உடம்பில் சீனி எவ்வளவு என்று பார்க்க. இரண்டாவது, மெஷின் பொய் சொல்கிறதா என்று பார்க்க. இரண்டு எண்ணும் ஒத்துவந்தாலும் முகம் தெளியாது. "ரெண்டு தரமும் ஒரே பொய்யச் சொல்லுதோ தெரியா" என்பாள்.

கல்முனைக்குடியில் எங்களுக்கு அடுத்த வளவு அவளுடையது. அபாயா தைக்கிறாள். எழுதிக் கொடுத்த அளவை நம்பமாட்டாள். எனக்குத் தைத்தபோது மூன்று தடவை அளந்தாள், நான் நடுவில் கொழுத்துவிடுவேன் என்பதுபோல. மீன்காரர் அவள் வாசலில் சைக்கிளை நிறுத்துவதேயில்லை. தராசையே சந்தேகப்படுகிறவளோடு யார் மல்லுக்கட்டுவது? பதினொரு வயதில் சீனி வருத்தம் வந்தது. அன்றிலிருந்து இன்சுலின் ஊசிதான். இப்போது இருபத்தெட்டு வயது. கையில் பத்தொன்பது நாள் பெண்பிள்ளை.

பிள்ளை பிறந்த பிறகு சந்தேகம் இன்னும் முற்றிவிட்டது. பெற்றவளுக்கென்று உம்மா சபூறா காய மருந்து இடித்து உருட்டிக் கொடுத்தால், உருண்டையைப் பிட்டு முகர்ந்து பார்ப்பாள்.

"கருப்பட்டி போட்டீங்களா உம்மா?"

"அல்லாஹ்வே! பெத்த தாயிட்டயே விசாரணையா?"

கொஞ்சம் போட்டது உண்மைதான், அது வேறு கதை.

பெரிய சந்தேகம் டாக்டர் மேல். வயிற்றில் பிள்ளை இருந்தபோது காலையில் இருபத்துநான்கு யூனிட் போட்டவளுக்கு, பிள்ளை பிறந்ததும் அவர் பன்னிரண்டாகக் குறைத்துவிட்டார். "மருந்து தட்டுப்பாடு. அதச் சொல்ல வெக்கத்தில, பெத்தா மருந்து கொஞ்சம் போதும் எண்டு கதை உடுறாங்க." சும்மா சொல்லவில்லை. நாட்டில் மருந்து இல்லாமற்போன அந்த வருடம், ஒரு குப்பிக்காக மட்டக்களப்பு வரை பஸ் ஏறி வெறுங்கையோடு திரும்பியவள். சூடு கண்ட பூனை.

போன செவ்வாய் காலை நான் போனபோது, பழைய இருபத்துநான்கையே ஊசியில் இழுத்து வைத்திருந்தாள். முந்தின நாள் சீனி எகிறிவிட்டதாம். இதே வருத்தத்தில் பார்வை போய் மௌத்தான தன் வாப்பாவைப் பற்றிச் சொன்னாள்.

"எனக்கும் கண் போனா, இந்தப் புள்ளட முகத்த நான் எப்பிடிப் பாக்கிற?"

போடாதே என்று சொல்லாமல் பிள்ளையின் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

அந்த நேரம் பிள்ளையின் நிறை பார்க்க மிட்வைஃப் ஞானராணி வந்தார். ஊசியைக் கண்டதும் பதறிவிட்டார்.

"இவ்வளவையும் போட்டா புள்ளையோட விழுந்துருவீங்க. வயித்துக்குள்ள இருந்த நஞ்சுக்கொடிதான் மருந்த வேலை செய்ய விடாம மறிச்சது. இப்ப அது இல்ல. பால் குடுக்கக்குள்ளயும் சீனி இறங்கும்."

"இப்பிடிச் சொல்லச் சொல்லி டாக்டர் அனுப்பினாரா மிஸ்?"

நானாக இருந்தால் பையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். ஞானராணி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என்னை நம்ப வேணாம். ஊசி போடாம இப்ப ஒருக்காப் பாருங்க. பால் குடுத்துப்போட்டு மறுகா ஒருக்காப் பாருங்க."

மெஷின் நூற்றுப் பதினெட்டு காட்டியது. இன்ஷிரா பிஸ்மி சொல்லிப் பிள்ளையை மார்போடு அணைத்தாள். பிள்ளை குடித்து முடிக்கும்வரை மிஸ்ஸின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், மெஷினில் ஏதும் செய்துவிடுவாரோ என்று. பிள்ளை தூங்கியபோது அவளுடைய மேலுதடு வியர்த்திருந்தது. விரல்கள் நடுங்கின. குத்திப் பார்த்தாள்.

அறுபத்தாறு.

ஞானராணி பிள்ளையை வாங்கிக்கொண்டார். உம்மா ஓடிப்போய்ச் சீனித் தண்ணீர் கரைத்து வந்தார். இன்ஷிரா அதைக் குடித்துவிட்டு, காலை ஊசி ஏறாமலே இறங்கிக் கிடந்த அந்த எண்ணையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடுக்கம் நின்றதும் எழுந்தாள். நிரப்பி வைத்த ஊசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், கடைசிச் சொட்டு வரை மணலில் பீச்சியடித்தாள்.