மகள் பின்னாலேயே போனவர்

பீன்யா தொழிற்பேட்டையில் நான் தங்கியிருந்த அறையில் ஒரு லேத் ஆபரேட்டர் இருந்தார். நாற்பத்தைந்து வயது, நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ். ஆட்டம் தொடங்குமுன் போன் திரையைப் பனியனில் அழுத்தித் துடைப்பார்.

ஐந்து பேர் அணியாகச் சேர்ந்து, பாதைகளைப் பிரித்துக் காத்தபடி எதிரியின் கோட்டையைப் பிடிக்கும் ஆன்லைன் விளையாட்டு. ஓசூரில் தாயோடு இருக்கும் அவர் மகள் போனில் பேசமாட்டாள். ஞாயிறு மதியம் அந்த ஆட்டத்துக்கு மட்டும் இவரைச் சேர்த்துக்கொள்வாள். ஒரு ஞாயிறு தோற்றதும், "இன்னொரு தடவ தோத்தா டீம்ல இருந்து எடுத்துடுவேன்" என்று எழுதினாள்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் யோசனை கேட்டார்.

"அவ பின்னாடியே இன்னாத்துக்குண்ணா சுத்துறீங்க? பக்கத்துல நின்னா அவளுக்கு வர்ற பவர்ல பாதி உங்களுக்கு வந்துடுது. உங்க பாதைய மட்டும் காத்துக்கினு நில்லுங்க."

"புள்ளைய தனியா வுட்டுட்டா?"

"வுடுங்க. உங்களவிட நல்லாவே ஆடறா."

அடுத்த ஞாயிறு அவர் தன் பாதையை விட்டு நகரவே இல்லை. அணி ஜெயித்தது. மகள் 'குட்' என்று அனுப்பினாள். நான் கைதட்டினேன்.

"அரை மணி நேரம் ஆடினேன் தம்பி. ஒரு தரம்கூட அவ என் கண்ல படல" என்றார். "பக்கத்துல பக்கத்துல நின்னு ஆடற மாதிரி வேற கேம் எதனா கீதா?"

"நெறைய இருக்குண்ணா."

"அதுக்கு அவ வருவாளா?"

அந்த வாரமே எனக்கு ஊரின் இன்னொரு மூலையில், தொம்மலூரில் வேறு வேலை கிடைத்துவிட்டது. அடுத்த ஞாயிறுக்கு முன்பே அறையைக் காலி செய்தேன்.