குளவி மரமும் சிவப்புத் துணியும்

என் அலுவலக மேசை இழுப்பறையில் ஒரு சிவப்புத் துணி கிடக்கிறது. அம்மா தன் பழைய சேலையில் கிழித்தது. உயர்தரப் பரீட்சை முடிவுக்குக் காத்திருந்த மாதங்களில், பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் நானும் அம்மாவோடு கொழுந்து பறித்தேன். மலை நடுவில் நின்ற மரத்தில் குளவிக்கூட்டை முதலில் கண்டவள் அம்மா. கூடிருக்கும் மரத்தில் சிவப்புத் துணி கட்டினால் யாரும் அதன் பக்கம் போக மாட்டார்கள். அது பறிக்கிற பெண்கள் தங்களுக்குள் வைத்திருந்த ஏற்பாடு.

அம்மா துணி கட்டிய பன்னிரண்டாம் நாள், அந்த மலைக்குப் பொறுப்பான கண்டாக்கு ஐயா வந்தார். மரத்தைச் சுற்றிக் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. நேராகப் போய்த் துணியை அவிழ்த்து என் கூடைக்குள் எறிந்தார். "பாத்தீங்கல்ல, என்னய கொட்டுச்சா? பன்னெண்டு நாளா ஒருத்தியயும் கொட்டல. இன்னைக்கு மட்டும் கொட்டிருமா? போங்க, போங்க." சொல்லிவிட்டு ரோட்டுக்கு ஏறிவிட்டார்.

அந்தக் கணக்கைத்தான் இன்றுவரை மென்றுகொண்டிருக்கிறேன். நாங்கள் விலகி நின்றதால் கொட்டாத நாட்களை அவர் குளவியின் நல்ல குணமாக எண்ணிக்கொண்டார். நாளுக்கு நாள் அவருக்குப் பயம் குறைந்தது, கூடு பெருத்தது. ஒரு நிமிடம் போய் அவிழ்த்துவிட்டு வந்துவிடலாம்; அங்கேயே நின்று கொட்டு வாங்கப்போவது அடுத்தவர் உடம்பு என்றால் யாருக்கும் துணிச்சல் வரும். அன்று அம்மா என்னைப் பின்னால் தள்ளினாள். "நீ இங்கனயே நில்லு கண்ணு" என்று முதல் ஆளாக மரத்தடிக்குப் போனாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் லொறியிலேயே அவள் மூச்சு நின்றுவிட்டது. செத்த வீட்டுக்கு வந்த கண்டாக்கு ஐயா, "இதெல்லாம் யாரு கையில இருக்கு?" என்றார்.

போன மாதம், பிரதேச சபை அலுவலகத்தில் நான் முறைப்பாடு எழுதும் மேசைக்கு முன்னால் அவர் வந்து நின்றார். ஓய்வு பெற்றுவிட்டார். என்னை அடையாளம் தெரியவில்லை.

"மிஸ், வீட்டுக்குப் பின்னால சவுக்கு மரத்துல குளவிக்கூடு. இன்னைக்கே ஆள் அனுப்புங்க."

"எத்தன நாளா இருக்குங்க ஐயா?"

"பத்துப் பன்னெண்டு நாளா."

"ஒண்ணாவது கொட்டுச்சுங்களா?"

"இல்ல மிஸ். அதுக்காக, கொட்டுற வரைக்கும் பாத்துக்கிட்டா இருக்க முடியும்?"

கூடு அகற்றும் ஆட்கள் வெளியே சும்மாதான் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் காலை என்று எழுதினேன். அந்த ஒரு நாள் அவர் பயந்து சாகட்டும் என்றே எழுதினேன். அதில் எனக்கு வெட்கமில்லை. பிறகு துணியை எடுத்து நீட்டினேன். "அதுவரைக்கும் இத மரத்துல கட்டி வைங்க ஐயா. எங்கம்மா கட்டுனது. நீங்க அவுத்தது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். துணியை வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் ஆட்களோடு நானும் போனேன். வீட்டு ஜன்னல்கள் எல்லாம் அடைத்திருந்தன. மரத்தில் துணி இல்லை. முப்பது அடி தள்ளி, பின்கதவுத் தாழ்ப்பாளில் கட்டியிருந்தார். அம்மாவைப் போகச் சொன்ன இடத்துக்கு இப்போது அவரால் போக முடியவில்லை. நான் அதை அவிழ்த்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.