வயிற்றுவலி என்று எழுதினார்கள்

ஸ்டெல்லாவின் தம்பி ஜெரால்டு விடிந்ததும் அழைத்தான். "அக்கா போயிட்டாங்க. கேக்குறவங்ககிட்ட வயித்துவலின்னே சொல்லிருங்க," என்றான். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவரை அறிந்த உங்களுக்கு அந்தக் கோபம் புரியும்.

சேலத்தில் ஒரே கல்லூரியில் வேலை பார்த்தோம். அவர் கணினித் துறை, நான் தமிழ். பழைய நாளிதழ்களைக் கணினியில் ஏற்றி, மாதவிடாயைப் பற்றி அவை என்ன எழுதின என்று இருவரும் தேடினோம். முதலில் அகப்பட்டவை டானிக் விளம்பரங்கள்தாம். "மருந்து விக்கும்போது மட்டும் நம்ம பேப்பருக்கு வாய் திறக்குது பாருங்க," என்று சிரித்தார்.

பிறகு, சொல்லாததை எந்தச் சொல்லால் மூடினார்கள் என்று தேட ஆரம்பித்தார். அவர் எழுதிய கணினி நிரல், இளம்பெண்களின் தற்கொலைச் செய்திகளில் 'தீராத வயிற்றுவலி' என்ற வரி திரும்பத் திரும்ப வருவதைத் திரட்டிக் காட்டியது. அப்படிச் செய்தியான ஒரு பெண்ணின் தாயைப் பார்க்கச் சேந்தமங்கலம் போனோம். "மாசாமாசம் துடிச்சுப் போயிருமுங்க. போலீஸ்காரங்க கேட்டப்ப, ஆம்பளைங்க முன்னால அதை எப்படிங்க சொல்றது? வயித்துவலின்னுட்டோம், சாமி," என்றார் அந்த அம்மா.

இத்தனையும் தெரிந்தவர் தன் விஷயத்தில் என்ன செய்தார்? உதிரப்போக்கு நிற்காமல் மருத்துவரிடம் போனபோது, வயிற்றுவலி என்றுதான் சொல்லியிருக்கிறார். வயிற்றுப்புண்ணுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மாதங்கள் ஓடிவிட்டன. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவரே சொன்னார்: "பக்கத்துல தம்பி நின்னான். வாயில வரலைங்க. கடைசில நானும் அதே வரியைத்தான் சொன்னேன்."

அடக்கத்துக்கு முன் ஜெரால்டு இரங்கல் விளம்பரத்தைத் திருத்தக் கொடுத்தான். கருப்பைப் புற்றுநோய் என்று சேர்த்தேன். "நம்ம சர்ச்சுப் பங்குல எல்லாரும் படிப்பாங்க. அப்பா எப்படிங்க கோயிலுக்குப் போவாரு?" என்று அந்தச் சொற்களை அடித்துவிட்டான். மறுநாள் 'உடல்நலக் குறைவால்' என்று வந்தது.

அவருடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த நிரல்தான். ஜெரால்டின் விளம்பரத்தைக் கொடுத்தால், அதில் 'வயிற்றுவலி' என்றுகூட இல்லாததால், அந்த நிரல் அவரைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும். அதனால் இந்த அஞ்சலிக் குறிப்பில் எழுதுகிறேன்; அவன் கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும். ஸ்டெல்லா கருப்பைப் புற்றுநோயால் இறந்தார். மாதக்கணக்கில் உதிரம் போனது. அதைச் சொல்ல அவருக்கே நாக்கு எழவில்லை.