மகளின் சாட்சியில் நான் அடித்த வரிகள்

பள்ளியில் எனக்கு ‘ஜீரோ மிஸ்’ என்று பெயர். வளைகுடாவில், ஃபஹாஹீல் என்ற ஊரில் உள்ள ஓர் இந்தியப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சயின்ஸ் எடுக்கிறேன். ப்ராஜெக்ட் என்று சொல்லிவிட்டால் போதும், அப்பாமார் லீவு போட்டு உட்கார்ந்து எரிமலை செய்து அனுப்பிவிடுவார்கள். பிள்ளையைக் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்டால் குட்டு உடைந்துவிடும். அடுத்தவர் கை பட்ட வேலைக்குச் சைபர்தான். ஒரு தகப்பனார் பிரின்சிபால் அறையில் சத்தமே போட்டார். நான் மாற்றவில்லை. பொய்க்கு மார்க் போட்டுவிட்டு ஆண்டவருக்கு முன்னால் எந்த முகத்தோடு நிற்பது என்று வீட்டுக்கு வந்து மகளிடம் பெருமையாகச் சொன்னேன். அவ்வளவு திமிர் எனக்கு.

நாங்கள் பாப்திஸ்து சபைக்காரர்கள். நாகர்கோவில் பக்கம் எங்கள் உறவுக்காரர்களில் பாதிப்பேர் வேறு சபை. அங்கே குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே நெற்றியில் மூன்று சொட்டுத் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானத்தை முடித்துவிடுவார்கள். எங்களுக்கு அது ஞானஸ்நானமே இல்லை. புத்தி தெரிந்த வயதில், தானாக விசுவாசித்து, சபை முன்னால் தன் வாயால் சாட்சி சொல்ல வேண்டும். சபையார் கை உயர்த்தி ஏற்றுக்கொண்ட பிறகுதான் தண்ணீரில் முழுக்கு. பெற்றோரின் விசுவாசத்தைப் பிள்ளைக்கு எழுதி வைக்க முடியாது. கல்யாண வீடுகளில்கூட இதைச் சொல்லிச் சொந்தக்காரர்களைச் சீண்டியிருக்கிறேன். “தூங்குற பிள்ளைக்கு என்னத்தவே தெரியும்?” என்று என் பெரியப்பா மகனிடம் கேட்டதில், அவர் ஒரு வருஷம் என்னோடு பேசாமல் இருந்தார்.

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப்போகிறாள், பிறகு கோயம்புத்தூருக்குப் படிக்கப் போகிறாள் என்றானதும் எனக்குப் பதற்றம் பிடித்துக்கொண்டது. அவள் இன்னும் முழுக்கெடுக்கவில்லை. தெரியாத ஊர், ஹாஸ்டல், யாரோ என்னவோ. போவதற்குள் இவளைத் தண்ணீரில் இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கைவிட்டுப் போய்விடுவாள் என்று எனக்குள் ஒரே பதைப்பு. அவள் முதலில் “இப்ப வேணாம்மா, எனக்கு ஷ்யூரா இல்ல” என்றாள். நான் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் “ஓகே” என்றாள். அந்த ஓகேயைப் பிடித்துக்கொண்டு போதகரிடம் பெயர் கொடுத்துவிட்டேன்.

சாட்சியை எழுதித் தரச் சொன்னேன். ஏழெட்டு வரி இங்கிலீஷில் எழுதிக்கொண்டு வந்தாள். எங்களுடையது தமிழ்ச் சபை. இங்கே பிறந்த பிள்ளை தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அதனால் நான் தமிழாக்கி, இங்கிலீஷ் எழுத்திலேயே டைப் செய்து தருவதாக ஏற்பாடு.

காகிதத்தை டைனிங் டேபிளில் வைத்து உட்கார்ந்தேன். கையில் சிவப்புப் பேனா இருந்தது. எட்டாம் வகுப்புப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்த பேனா. மூன்றாவது வரியிலேயே அவள் இப்படி எழுதியிருந்தாள்: ‘நான் ஜெபிக்கும்போது யாராவது கேட்கிறாரா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.’ சபையில் நின்று சொல்கிற வார்த்தையா இது? அடித்தேன். அடுத்த சில வரிகள் வீட்டைப் பற்றியவை. அவையும் சபைக்கு எதற்கு என்று அடித்தேன். அடித்த இடம் வெறுமையாக இருந்தது. எங்கள் சாட்சிகளில் இரட்சிக்கப்பட்ட நாள் என்று ஒன்று கட்டாயம் வரும். அவளுடையதில் இல்லை. ஆகவே என்னுடையதைப் போட்டேன். பதின்மூன்று வயதில் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் நான் அழுதுகொண்டே எழுந்து நின்றது. கன்வென்ஷனை மட்டும் சபையின் பிள்ளைகள் கேம்ப் என்று மாற்றினேன்.

இதை எழுதும்போது எனக்குக் கை கூசவில்லை. அதுதான் இப்போது பயமாக இருக்கிறது. பொய் எழுதுகிறோம் என்றே தோன்றவில்லை. பிள்ளைக்கு உதவுவதாகத்தான் நினைத்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அவளுக்குச் சனிக்கிழமை ஃபிசிக்ஸ் பரீட்சை. “வாசிச்சுப் பாத்தியா மக்களே?” என்றேன். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் “ம்ம்” என்றாள்.

இங்கே ஞாயிறு வேலை நாள், ஆராதனை வெள்ளிக்கிழமைதான். ஒரே ஹாலை நாலைந்து சபைகள் நேரம் பிரித்துக்கொள்கிறோம். எங்களுக்கு ஒன்பது முதல் பதினொன்று வரை. அடுத்து தெலுங்குச் சபை. அவர்கள் பத்தே முக்காலுக்கே வெளியே சிலிண்டர் அடுப்பும் பிரியாணி அண்டாவுமாக வந்து நிற்பார்கள். ஹாலுக்குப் பின்னால் ஃபைபர் தொட்டி. காலையிலேயே தண்ணீர் நிரப்பியாயிற்று. நான் தைத்த வெள்ளை அங்கி பையில் இருந்தது. என் கணவர் பாலைவனத்தில் எண்ணெய்க் கிணற்று சைட்டில் வேலை பார்க்கிறார். மாதத்தில் மூன்று வெள்ளி அவருக்கு டூட்டி. அன்றும் டூட்டிதான்.

அவளோடு முழுக்கெடுக்க இன்னொருவர் இருந்தார். ராமநாதபுரத்துக்காரர், பைப் ஃபிட்டர். அவர்தான் முதலில் சாட்சி சொன்னார். “நான் முன்னாடி குடிப்பேன். லேபர் கேம்ப்ல எல்லார்கூடயும் சண்டை போடுவேன். இப்ப இல்ல. கலாஸ், முடிஞ்சு போச்சு.” அவ்வளவுதான். சபை சிரித்தது, எல்லாக் கைகளும் உயர்ந்தன. இவ்வளவு சின்னச் சாட்சியா என்று நான் மனசுக்குள் மார்க் குறைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து என் மகள். முதல் இரண்டு வரியை நன்றாகவே வாசித்தாள். நான் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகு, “எனக்குப் பதிமூணு வயசு இருக்கும்போது, சபையோட பிள்ளைகள் கேம்ப்ல...” என்று ஆரம்பித்து நின்றாள். கண் மட்டும் காகிதத்தில் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. அவள் அதை இப்போதுதான் முதல் தடவையாக வாசிக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

“பாஸ்டர் அங்கிள், இது நான் எழுதல” என்றாள்.

அவள் என் பக்கம் திரும்பினாள். குரலில் கோபமே இல்லை. “அம்மா, நான் அந்த கேம்ப்புக்குப் போகவே இல்ல. எனக்கு அப்ப சிக்கன்பாக்ஸ். நீங்கதான் லீவு போட்டுக் கூட இருந்தீங்க.”

எனக்கு அது மறந்தே போயிருந்தது. எழுந்து வெளியே போய்விடலாமா என்று பார்த்தேன். வாசலில் தெலுங்குக்காரர்கள் நின்றார்கள்.

போதகர் வாரநாட்களில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர், அதிகம் பேசாத மனிதர். அவர் கேட்டார்: “நீ எழுதுனது என்னம்மா? ஞாபகம் இருக்கா? பயப்படாம சொல்லு.”

அவள் காகிதத்தை மடித்தாள். “ஜெபம் பண்ணும்போது யாராவது கேக்குறாங்களான்னு எனக்கு ஷ்யூரா தெரியாது. ஆனா டெய்லி உக்காருவேன். அப்பா டூட்டிக்குப் போயிடுவாங்க. அம்மா தனியா முழங்கால் போடுறத என்னால பாக்க முடியாது. அதனாலதான் பக்கத்துல உக்காருறேன்.” மடித்த காகிதத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு, “அவ்ளோதான் எழுதினேன்” என்றாள்.

வீட்டைப் பற்றிய வரிகள் என்று நான் அடித்தவை இவைதான்.

போதகர் கை உயர்த்தச் சொல்லவில்லை. “தங்கச்சி இன்னைக்கு உண்மையப் பேசியிருக்கு. தண்ணி எங்கயும் போயிடாது, காத்திருப்போம்” என்று மட்டும் சொன்னார். பைப் ஃபிட்டரை மட்டும் தொட்டிக்கு அழைத்துப் போனார்கள். நாங்கள் இருவரும் காரில் ஏறினோம். வெள்ளை அங்கி மடிப்புக் கலையாமல் பின் சீட்டில் கிடந்தது.

ஃபஹாஹீல் சிக்னலில் நின்றபோது, “எனக்கு ஜீரோதானே போடணும் மக்களே?” என்றேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். நெற்றியில் மூன்று சொட்டுத் தெளிக்கிறவர்களைக் காலமெல்லாம் கிண்டல் செய்தவள் நான். அவர்களாவது எல்லார் முன்னாலும் தெளித்தார்கள். நான் டைனிங் டேபிளில் யாருக்கும் தெரியாமல் பேனாவால் தெளித்தேன்.

ஜூலையில் அவள் போய்விட்டாள். எங்கள் வீட்டு ஜெபம் எப்போதும் பக்கத்துப் பள்ளிவாசலில் அந்தி நேர மக்ரிப் பாங்கு சொல்லி முடித்ததும்தான். அதற்கு முன்னால் ஆரம்பித்தால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. அவள் போன பிறகும் அது நிற்கவில்லை. பாங்கு முடிந்ததும் நான் வீடியோ காலில் கூப்பிடுவேன், அவள் ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். நான் ஜெபிப்பேன். சில நாள் பின்னால் பிள்ளைகள் சாப்பிடக் கூப்பிடும் சத்தம் கேட்கும். அவள் அசையமாட்டாள். யாருக்காக அப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நாலு மாதம் கூப்பிட்டேன்.

போன வாரம் ஒருநாள் சொல்லியேவிட்டேன். “நான் ஒத்தையிலயே ஜெபிச்சுக்குவேன். நீ போய் சாப்பிடு மக்களே. இனிமே இந்த நேரத்துக்கு உக்காரணும்னு இல்ல.”

“நிஜமாவாம்மா?”

“நிஜமா.”

“சரிம்மா” என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். உடனே சொன்னாள்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முழங்கால் போட்டேன். இத்தனை வருஷம் தடையில்லாமல் வந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. வெகுநேரம் கழித்து ஒரு வரி வந்தது. கர்த்தாவே, நீர் கேட்கிறீரா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. சத்தமாகச் சொல்லிவிட்ட பிறகுதான் அது யார் எழுதிய வரி என்று உறைத்தது. பக்கத்தில் அவள் உட்காரும் இடம் காலியாக இருந்தது.