குதிரைப் படமா, கடல் படமா?

இன்று பாளையங்கோட்டைக் கூடாரத்தில் பயாஸ்கோப்பில் குதிரைப் பந்தயம், கடல் என்று இரண்டு படங்கள் பார்த்துவிட்டு மாட்டுவண்டியில் திரும்பினோம். நானும் என் மனைவியும் நடுவில். ஒரு ஓரத்தில் என் அப்பா, மறு ஓரத்தில் என் மாமனார். எங்கள் கல்யாணப் பந்தியில் மூண்ட சண்டைக்குப் பிறகு இருவருக்கும் பேச்சே இல்லை.

அப்பா என்னிடம் சொன்னார்: "லே, குதிரைப் பந்தயப் படத்துக்கு ரூவாய்க்குப் பதினாறு அணா கொடுக்கலாம். கடல் படம் எட்டணாதான். திருச்செந்தூர் போனா அலையைச் சும்மாவே பாக்கலாம்லா!"

மாமனாருக்குப் பொறுக்கவில்லை. நேராக அப்பா பக்கம் திரும்பினார்.

"என்ன வே பேசுதீரு? அங்கன போனா வேட்டி நனையும். இங்கன அம்புட்டுப் பெரிய அலை வந்தும் நனையலையே!"

"அந்த அலையைக் கண்டு பெஞ்சு மேல ஏறி நின்னது யாரு வே?"

மாமனார் குலுங்கிச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். என் மனைவி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

தச்சநல்லூர் வரை வாக்குவாதம் ஓயவில்லை. கடைசியில் என்னைக் கேட்டார்கள். இரண்டுமே நன்றாக இருந்தன என்றேன்.

"இவனுக்கு ரசனையே கிடையாது" என்றார் அப்பா.

"நானும் அதைத்தான் நெனச்சேன், சம்பந்தி" என்றார் மாமனார்.

பார்த்தவர்கள் சொல்லுங்கள், நீங்கள் எதற்கு எத்தனை அணா கொடுப்பீர்கள்? என்னை மட்டும் திருப்பிக் கேட்காதீர்கள்.