நான் அடைத்த சன்னல்

முதலில் வந்தது தலைவலி. நெற்றியின் இருபுறமும் யாரோ விரல் வைத்து மெல்ல அழுத்துவதுபோல் தொடங்கி, நண்பகலுக்குள் கண்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. கூடவே சிறு குமட்டல். வேலையிடத்தை விட்டு வெளியேறிக் காரில் ஏறிய அரைமணி நேரத்தில் வலி தணிந்தது. அது தணிந்ததைத்தான் நான் கவனித்திருக்க வேண்டும். ஓரிடத்தில் வந்து வேறிடத்தில் போய்விடும் தலைவலி உங்களுக்கும் இருந்தால், மேலே படிக்குமுன் எழுந்து வெளியே போய் நில்லுங்கள்.

தொண்ணூறுகள் முடியப்போகின்றன; இது சென்ற குளிர்காலத்தில் நடந்தது. ஜெர்சி சிட்டியில் பழைய தரைவிரிப்புக் கிடங்கு ஒன்றை முருகன் கோயிலாக மாற்றிக்கொண்டிருந்தோம். சனிக்கிழமைதோறும் தொண்டர்களே சுவர் பூசினோம், வண்ணம் அடித்தோம். தை மாதத்தில் குடமுழுக்குக்கு நாள் குறித்தாயிற்று. குறித்த நாளைத் தள்ளிப்போடலாம் என்ற எண்ணம் எங்களில் ஒருவருக்கும் எழவில்லை. கட்டடத்தின் வெப்பக் குழாய்களுக்கு நகராட்சியின் அனுமதி வந்திருக்கவில்லை. கருவறைச் சுவரில் பூசிய சாந்தோ உறைகுளிரில் உலர மறுத்தது. ஆகவே வாடகைக்கு ஒரு புரொப்பேன் ஹீட்டர் வந்து சேர்ந்தது. சக்கரம் வைத்த இரும்பு உருளை. ஒரு முனையில் நீலச் சுடர். ரப்பர்க் குழாயின் மறுமுனையில் எரிவாயு சிலிண்டர்.

வாடகைக் கடைக்காரர் அச்சிட்ட தாள் ஒன்றையும் கொடுத்திருந்தார். கோயில் அறிவிப்புகள் அனைத்தும் தமிழில் இருக்க வேண்டும் என்பது குழுவின் முடிவு. வாரநாட்களில் மன்ஹாட்டன் வங்கி ஒன்றுக்குக் கணிப்பொறி நிரல் எழுதுபவள் நான் என்றாலும், முறையாகத் தமிழ் பயின்றவள் என்பதால் அறிவிப்பு எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருந்தது. அந்தத் தாளையும் நானே தமிழாக்கினேன். சிலிண்டரை நிமிர்த்தியே வைக்க வேண்டும். சுடரின் அருகே துணியும் காகிதமும் கூடாது. ஆளில்லாதபோது அணைத்துவிட வேண்டும். எதிரெதிரான இரு சன்னல்கள் எப்போதும் திறந்திருக்க வேண்டும். ‘எப்போதும்’ என்பதன் கீழே கோடிட்டேன். சன்னலுக்குப் பக்கத்திலேயே ஒட்டினேன்.

செல்வராஜ் என்னுடன் அதே வங்கியில் பணிபுரிபவர். சனிக்கிழமைகளில் கருவறைப் பூச்சு எங்கள் இருவரின் பொறுப்பு. என் தலைவலியைச் சொன்னதும் பூச்சுக் கரண்டியைக் கீழே வைத்தார்.

“எனக்கும் காலையிலேர்ந்து மண்டையப் பொளக்குது மேடம். பனி எறங்கிடுச்சு, வேற ஒண்ணுமில்ல. பாருங்க, ரெண்டு விண்டோவும் பப்பரப்பான்னு தெறந்து கெடக்கு.”

“அது தெறந்துதான் இருக்கணும், செல்வராஜ்.”

“எந்த ஊர்க்காரன் எழுதின ரூல்? ஸ்னோல தலைய நனைச்சிட்டு ஐஸ்க்ரீம் சாப்பிடறவன். அவனுக்குப் பனியப் பத்தி என்ன தெரியும்?”

சிரித்தேன். சிரித்துக்கொண்டே சன்னல்களைச் சாத்தினேன். பிளாஸ்டிக் தாளை இழுத்து ஒட்டி, ஓரங்களில் நாடாவை இருமுறை ஓட்டினேன். யோசனை அவருடையது, அடைத்தது என் கை. இருவரும் மஃப்ளரைக் காதோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டோம். வலி மிகுந்தபோது, எங்கிருந்தோ பனி இன்னும் நுழைகிறது என்று கதவிடுக்கில் சாக்கைத் திணித்தோம். ஹீட்டரின் சுடரையும் கூட்டினோம்.

திங்கட்கிழமை மருத்துவரிடம் சென்றேன். குளிர் ஏறிவிட்டது என்று சொன்னேன். அவர் தொண்டையைப் பார்த்து ஃப்ளூ என்றார். நிறைய நீர் அருந்தச் சொன்னார். ஹீட்டரைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை எனக்கு விரதம். வெறும் வயிற்றோடு ஏணியின் அடிப்படியில் நின்று செல்வராஜிடம் தூரிகையைக் கேட்டது நினைவிருக்கிறது. அவர் கொடுத்தாரா என்பது நினைவில்லை. செல்வராஜுக்கு மதிய உணவோடு வந்த என் கணவர் ரகு, தரையில் கிடந்த என்னையும் கதவருகே வாந்தியெடுத்துக்கொண்டிருந்த செல்வராஜையும் கண்டார். ஹீட்டரின் சுடர் மஞ்சளாகியிருந்தது என்று பின்னர் சொன்னார். ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. எங்களைக் காரில் ஏற்றி மருத்துவமனையில் சேர்த்தார். மயக்கத்துக்குக் காரணம் விரதம் என்று அங்கே உறுதியாகச் சொன்னார்.

விரலில் மாட்டிய கருவி, குருதியில் உயிர்வளி தொண்ணூற்றெட்டு விழுக்காடு என்று காட்டியது. எனவே நலம். சர்க்கரை நீர் ஏற்றினார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே கிடந்தேன். காத்திருப்போர் இருக்கையில் காகிதப் பையுடன் குனிந்திருந்த செல்வராஜைக் கடந்து சென்ற செவிலியர் ஒருவர் நின்று, அவரும் விரதமா என்று கேட்டார். காலையில் ஆறு இட்லி சாப்பிட்டதாக அவர் சொன்னார். செவிலியரின் அடுத்த கேள்வி: “இருவரும் இருந்த இடத்தில் என்ன எரிந்துகொண்டிருந்தது?”

அந்த ஒரு கேள்வியால்தான் நான் இன்று இருக்கிறேன். குருதிச் சோதனை உண்மையைச் சொன்னது: கார்பன் மோனாக்சைடு (எரிபொருள் முழுமையாக எரியாதபோது பிறக்கும், நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு). அது ஹீமோகுளோபினில் (குருதியில் உயிர்வளியைச் சுமக்கும் பொருள்) உயிர்வளியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். விரல் கருவிக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. சன்னல்கள் திறந்திருந்தபோதே தலைவலி தரும் அளவு அது சேர்ந்திருந்தது; அடைத்ததும் அறை நிறைந்தது. இதை நீங்களே மருத்துவரிடம் சொல்லுங்கள்; எங்கே இருந்தீர்கள், அங்கே வேறு யாருக்கு வலித்தது என்றும் சொல்லுங்கள். அவர் கேட்பார் என்று காத்திராதீர்கள்.

என்னை மிகையழுத்தக் கூண்டில் (அழுத்தமூட்டிய தூய உயிர்வளியைச் சுவாசிக்கச் செய்யும் அறை) வைத்து எடுத்தார்கள். நான்காம் நாள் வீடு திரும்பினேன். குடமுழுக்கு, சன்னல்கள் திறந்திருக்க, குறித்த நாளில் நடந்தேறியது. எல்லோரும் முடிந்தது என்றார்கள். நானும்.

மூன்றாம் வாரத்தில்தான் தொடங்கியது. அடுப்பருகே நிற்பேன், உப்புப் போட்டாயிற்றா என்பது தெரியாது. ஒரு தொடரைப் படித்து முடிப்பதற்குள் அதன் தொடக்கம் கைநழுவிவிடும். சொல்லைத் தேர்ந்து வைப்பதே இன்பமாக வாழ்ந்தவளுக்குச் சொல் வரவில்லை. வங்கி எட்டு வாரம் விடுப்புக் கொடுத்தது. அதற்குள் தேறாவிட்டால் வேலை போகும். வேலையோடு விசாவும் போகும். என் விசாவைச் சார்ந்திருந்த ரகுவும் நானும் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

இரண்டே நாளில் முழுமையாகத் தேறிவிட்ட செல்வராஜ் பிரசாதத்துடன் வந்தார்.

“எனக்கு ஒண்ணும் ஆகலியே மேடம். நீங்க ரொம்ப திங்க் பண்றீங்க. கோயில் வேலைல ஆனது, முருகன் பாத்துப்பான்.”

“முருகனையும் அந்த ரூம்லதான வெச்சிருந்தோம், செல்வராஜ்?”

ரகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே காற்றைச் சுவாசித்த இருவரில் ஒருவர் மட்டும் முழுமையாக மீண்டதற்கு எந்த மருத்துவரிடமும் விடையில்லை.

நரம்பியல் மருத்துவர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி. படங்களை வெளிச்சத்தில் மாட்டி நெடுநேரம் பார்த்தார்.

“ஸ்கானில ஒண்டும் தெரியேல்லை.”

“அப்ப எனக்கு ஒண்ணுமில்லையா டாக்டர்?”

“அப்பிடி நான் சொல்லேல்லையே. ஸ்கானுக்குத் தெரியாததும் இருக்கும். இந்த வாயு குடிச்ச சில பேருக்குக் கொஞ்ச நாள் சுகமா இருந்திட்டு, பிறகு இப்பிடி வரும். உங்கட மூளை வேலை செய்யுது, ஆனா ஆறுதலா, மெதுமெதுவாச் செய்யுது.”

“எப்ப சரியாகும்?”

“எனக்குத் தெரியாதம்மா. தெரியும் எண்டு சொல்லுற ஆளிட்டப் போகாதேங்கோ.”

அந்த அறையை விட்டு வரும்போது எனக்குச் சினம்தான் வந்தது. ஆனால் அதுவரை யாரும் எனக்குச் சொல்லாத உண்மையை அவர் சொல்லியிருந்தார்.

எட்டாம் வாரம் வேலைக்குத் திரும்பினேன். ஒரு மணி நேர வேலைக்கு ஒரு நாள் பிடித்தது. மறைக்காமல் மேலாளரிடம் போய்ச் சொன்னேன். நிரல் எழுதும் வேலையை எடுத்துக்கொண்டு, பிறர் எழுதியதில் பிழை பார்க்கும் வேலையைக் கொடுத்தார். விசா தப்பியது. நான் கட்டி எழுப்பியவற்றை இளையவர் ஒருவர் மாற்றி எழுதுவதை இப்போது வரிவரியாகச் சரிபார்க்கிறேன். இதைத் தேறுதல் என்று கணக்கில் வைப்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

ஓராண்டு கழிந்துவிட்டது. என் உடல் முன்னால் போய்விடுகிறது. நான் சற்றுப் பின்னால் வந்து சேர்கிறேன். யாரேனும் கேள்வி கேட்டால், விடைக்கு முன் ஒரு வெற்றிடம். முதலில் அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது கேட்பதில்லை; அந்த நேரமும் நான் வாழும் நேரம்தான்.

நேற்றுக் கூட்டத்தில் ஒருவர் என்னிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு, காத்திருக்கப் பொறுக்காமல் அடுத்தவரிடம் திரும்பினார். விடை எனக்குள் வந்து சேர்ந்தபோது பேச்சு வேறெங்கோ போயிருந்தது. கையை உயர்த்தினேன். அனைவரும் நிறுத்தினார்கள். பழைய கேள்விக்கே விடை சொன்னேன். அது சரியான விடை.